ஒரே கேள்வி மாதிரி தெரியும், மூன்று கேள்விகள்

வணக்கம் நேயர்களே. காலாப்பட்டு, லாஸ்பேட்டை பக்கம் கல்லூரிகளில் லினக்ஸில் சி நிரல் எழுதிப் பழகுகிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு, மற்றவர்களும் கேட்கலாம், தப்பில்லை. லினக்ஸில் பயனர் கணக்குகளைக் குழுக்களாகச் சேர்த்து உரிமை கொடுப்பார்கள். ஒரு குழுவில் யார் இருக்கிறார்கள், ஒருவர் எந்தக் குழுக்களில் இருக்கிறார், ஓடும் நிரலுக்கு எந்தக் குழுக்களின் உரிமை இருக்கிறது, இவைதான் அந்த மூன்று கேள்விகள்.

ஒரு குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் உடனே குழுக்களை எழுதி வைத்திருக்கும் ஈடிசி குரூப் கோப்பைத் திறந்து, வரியை கோலனில் வெட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வரி என்னவோ சுலபம்தான்: குழுவின் பெயர், கடவுச்சொல்லுக்கான இடம், குழு எண், கடைசியில் கமா போட்டு உறுப்பினர்கள். ஆனால் காரைக்காலில் இருக்கிற ஒரு ஆய்வகத்தின் கணக்குகள் எல்லாம் புதுச்சேரியில் ஒரு எல்டாப் சர்வரில், அதாவது கணக்குகளை ஓரிடத்தில் வைத்து நெட்வொர்க் வழியாகத் தரும் கணினியில் இருந்தால், அந்தக் கோப்பில் மாணவர் குழுவே இருக்காது. எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது என்பதை என்எஸ்ஸ்விட்ச் கோப்பு சொல்கிறது, அதைப் பார்த்து விசாரித்து வருவது சி நூலகத்தின் வேலை. குழுவின் பெயர் தெரிந்தால் கெட்ஜிஆர்நாம் என்ற அழைப்பு, எண் தெரிந்தால் கெட்ஜிஆர்ஜிஐடி.

சரி, அழைத்தாயிற்று. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். முதலில் ஆசிரியர் குழுவைக் கேட்டு விடையை ஒரு சுட்டியில் வைக்கிறீர்கள், அப்புறம் மாணவர் குழுவைக் கேட்டு இன்னொரு சுட்டியில் வைக்கிறீர்கள், இரண்டையும் அச்சிட்டால் இரண்டுமே மாணவர் குழு! நூலகம் வைத்திருப்பது ஒரே கரும்பலகை, அடுத்த கேள்விக்கு அதைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும். வேண்டியதை உடனே நகலெடுங்கள், இல்லையென்றால் அழைப்பின் பெயரின் கடைசியில் அண்டர்ஸ்கோர் ஆர் சேர்ந்த வடிவத்துக்கு உங்கள் சொந்த பஃபரை, அதாவது விடையை எழுத நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைக் கொடுங்கள். பஃபர் போதாவிட்டால் ஈரேஞ்ச் என்ற பிழை வரும், அளவை இரட்டிப்பாக்கித் திரும்பக் கேட்க வேண்டியதுதான், பெரிய குழுவுக்கு 1024 பைட் எந்த மூலைக்கு?

அதற்குப் பிறகும் உறுப்பினர் பட்டியல் காலியாக வரலாம். பயப்படாதீர்கள். ஒருவருடைய முதன்மைக் குழு எண் இருப்பது கணக்குகளைப் பட்டியலிடும் ஈடிசி பாஸ்வேர்டு கோப்பின் நான்காவது புலத்தில், குழுப் பட்டியலில் அவர் பெயர் வர வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஒருவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பது இரண்டாவது கேள்வி, அதற்கு கெட்குரூப்லிஸ்ட் என்ற அழைப்பு முதன்மைக் குழுவையும் சேர்த்தே தரும், ஆனால் அந்த முதன்மைக் குழு எண்ணை நீங்கள்தான் அதன் கையில் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இப்போது எந்தக் குழுக்களின் உரிமை இருக்கிறது என்பது. டாக்கர் என்ற பெயருள்ள குழுவில் ஒருவரைச் சேர்த்த பிறகு, குழுக்களைக் காட்டும் ஐடி கட்டளையை அவர் பெயரோடு அடித்தால் டாக்கர் வரும், பெயர் இல்லாமல் அவர் டெர்மினலிலேயே வெறுமனே அடித்தால் வராது, ஏனென்றால் முன்னது பதிவேட்டைக் கேட்கிறது, பின்னது கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியைக் கேட்கிறது. கெர்னலிடம் இருப்பது லாகின் ஆன நேரத்துப் பட்டியல். வெளியே போய் மறுபடி உள்ளே வந்தால் சரியாகிவிடும், நிரலில் இதற்குரிய அழைப்பு கெட்குரூப்ஸ்.

சேர்க்கும்போது ஒன்று: கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டு சின்ன ஏ-வை விட்டுவிட்டால், அவர் இருந்த மற்ற துணைக் குழுக்கள் எல்லாம் போய்விடும், சூடோ உரிமையும், அதாவது ரூட் என்ற நிர்வாகியைப் போலக் கட்டளையிடும் உரிமையும், அப்படி ஒரு குழு வழியாக வந்ததென்றால் ரூட் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.