ஈரல் வலித்துச் சொல்லாது

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கல்லீரலின் உள்ளே வலியை உணரும் நரம்பு கிடையாது. அதன் மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் உண்டு. ஈரல் வீங்கி அந்த உறை இழுபட்டால், வலது விலாவுக்குக் கீழே ஒரு கனமும் மந்தமான வலியும் தெரியும். அதுவும் எல்லோருக்கும் தெரிவதில்லை. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் உடலுக்குள் 20, 30 ஆண்டுகள் சத்தமில்லாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு டெஸ்ட்?" என்று கேட்பவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

வைரஸ் உடலுக்குள் நுழைந்த முதல் 6 மாதம் தொற்றின் முதல் கட்டம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. சிலருக்குச் சோர்வு, பசியின்மை, குமட்டல் வரும். கொஞ்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வரும். ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே 6 மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடும். மீதி 7 பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. 6 மாதத்துக்கு மேல் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் அது நாட்பட்ட ஹெபடைடிஸ் சி. அப்படி இருப்பவர்களில் 100க்கு 15 முதல் 30 பேருக்கு 20 ஆண்டுகளில் ஈரல் தழும்பேறிச் சுருங்கிப்போகிறது. சிரோசிஸ் என்பது இதுதான். குடிப்பழக்கமோ, சர்க்கரையோ, உடல் பருமனோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

மஞ்சள் காமாலையைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நம் ஊர்களில் காமாலை என்பதே ஒரு நோயின் பெயராகிவிட்டது. கண் மஞ்சளானால் பத்தியம், கீழாநெல்லி, பிறகு கண் வெளுத்ததும் நோய் போய்விட்டது என்ற முடிவு. தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ இரண்டும் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே சரியாகிவிடும். அதனால் எந்த மருந்து கொடுத்தாலும் வேலை செய்தது போலவே தோன்றும். ஹெபடைடிஸ் சி-யிலும் கண் வெளுத்துவிடும், வைரஸ் போயிருக்காது. 1988இல் சென்னையில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து நடந்த ஆய்வு உலகத்தின் கவனத்தைப் பெற்றது உண்மை. ஆனால் அந்தப் பலனைப் பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. அது சி வைரஸைப் பற்றிய ஆய்வும் அல்ல. காமாலை வந்து போன ஒவ்வொருவரும் அது எந்த வைரஸால் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பி-யா, சி-யா என்று பார்க்க இரண்டு எளிய இரத்தப் பரிசோதனைகள் போதும்.

சரி, அறிகுறியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் எதுவும் "நான் ஈரலிலிருந்து வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வராது. அதிகம் பேர் சொல்வது அயர்ச்சி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தீராத அயர்ச்சி. கவனம் நிற்காமல் போவது, மூட்டு வலி, மனச்சோர்வு, தடிப்பு இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பு, இப்படிச் சில. வயது, வேலை, இரத்தசோகை, தைராய்டு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்லிவிட முடியும் என்பதால் பல ஆண்டுகள் ஓடிவிடும். ஈரலுக்கு வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு. கணுக்காலைச் சுற்றிச் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள், சிறுநீரில் புரதம், வாய்க்குள் வெள்ளைக் கோடுகள் போன்ற படை, வெயில் பட்ட கைகளில் கொப்புளம் ஆகியவை சேர்ந்தோ தனித்தோ வந்தால் தோல் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும்கூட இந்த வைரஸைத் தேடிப் பார்ப்பார்கள்.

ஆகவே, யார் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை உடம்பில் தெரிவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. இதுவரை என்ன நடந்தது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். இந்த வைரஸ் இரத்தத்தின் வழியாகப் பரவுவது. 2002க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தலசீமியா, ஹீமோஃபீலியா போன்ற இரத்த நோய் உள்ளவர்கள், போதை ஊசி ஒருமுறையாவது போட்டவர்கள், ஊசியைக் கொதிக்க வைத்துப் பலருக்குப் போட்ட காலத்தில் அடிக்கடி ஊசி போட்டுக்கொண்டவர்கள், சுத்தமில்லாத இடத்தில் பச்சை குத்திக்கொண்டவர்கள், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்தவர்கள் ஆகியோர் ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும். மறுபயன்பாட்டு ஊசி ஒரு நாட்டையே என்ன செய்யும் என்பதற்கு எகிப்து சாட்சி. அங்கே 1950களிலிருந்து 1980கள் வரை நத்தையால் பரவும் ஒட்டுண்ணி நோய்க்கு ஊர் ஊராக ஊசி போட்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஊசிகள் சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. உலகிலேயே ஹெபடைடிஸ் சி மிக அதிகமாக இருந்த நாடாக எகிப்து மாறியது. அதே நாடு 2018 முதல் கோடிக்கணக்கான மக்களைத் தேடித் தேடிச் சோதித்து, மருந்து கொடுத்து, 2023இல் இந்த நோயை ஒழிக்கும் பாதையில் வெகுதூரம் வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தையும் பெற்றது.

இனி பரிசோதனை. இங்கேதான் மிக அதிகமான தவறு நடக்கிறது. முதலில் செய்வது ஆன்டிபாடி சோதனை, அதாவது வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. ரிப்போர்ட்டில் "ரியாக்டிவ்" என்று வந்தால், இந்த வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். இப்போது இருக்கிறதா என்று அது சொல்லாது. தானாகக் குணமானவருக்கும், மருந்தால் குணமானவருக்கும் ஆன்டிபாடி வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கலாம். இரண்டாவதாக ஆர்என்ஏ பிசிஆர் என்ற சோதனை செய்ய வேண்டும். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது இது, வைரல் லோட் என்றும் சொல்வார்கள். அதில் வைரஸ் தெரிந்தால்தான் நோய். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்தே இடிந்துபோகிறவர்களும் உண்டு, இரண்டாவது சோதனைக்குப் போகாமலே மறந்துவிடுகிறவர்களும் உண்டு. இன்னொரு பொறி எஸ்ஜிபிடி, அதாவது ஈரல் செல்கள் சேதமானால் இரத்தத்தில் ஏறும் ஒரு நொதி. அது சாதாரண அளவில் இருக்கிறது என்பதால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாட்பட்ட தொற்று உள்ள பலருக்கு அது ஏறி இறங்கும். சிலருக்கு ஏறவே ஏறாது.

வைரஸ் இருப்பது உறுதியானதும் அடுத்த கேள்வி, ஈரல் சுருங்கியிருக்கிறதா என்பது. எத்தனை மாதம் எந்த மருந்து, பிறகு எவ்வளவு காலம் கண்காணிப்பு எல்லாமே இதைப் பொறுத்தவை. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இருந்தால் நல்லது. இல்லாத ஊரில் சாதாரண இரத்த ரிப்போர்ட்டை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். எஸ்ஜிபிடி போன்ற இன்னொரு நொதியான எஸ்ஜிஓடியின் அளவை அந்த லேபின் உச்ச வரம்பால் வகுத்து, 100 ஆல் பெருக்கி, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி அதனால் வகுக்க வேண்டும். எஸ்ஜிஓடி 80, உச்ச வரம்பு 40, தட்டணு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80ஐ 40ஆல் வகுத்தால் 2. நூறால் பெருக்கினால் 200. ஒரு லட்சம் என்பது 100 ஆயிரம், அதனால் வகுத்தால் 2. விடை 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ஈரல் சுருக்கம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பார்ப்பார்கள். இதில் தட்டணு எங்கே வந்தது என்று கேட்கலாம். ஈரல் தழும்பேறி இறுகினால் குடலிலிருந்து வரும் இரத்தம் உள்ளே போக வழியில்லாமல் பின்னால் தேங்கும், மண்ணீரல் வீங்கும், அது தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஆண்டு தட்டணு குறைந்துகொண்டே வருகிறது என்றால் பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒற்றை ரிப்போர்ட்டை விட அந்த இறங்குமுகம் அதிகம் சொல்லும்.

சிகிச்சை. ஹெபடைடிஸ் சி-யை முழுமையாகக் குணப்படுத்த முடியும். பி வைரஸ் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபுப் பொருளை ஒளித்துவைத்துக்கொள்ளும். சி வைரஸால் அது முடியாது. தன்னைப் பிரதியெடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். பிரதியெடுப்பதை மாத்திரை தடுத்துவிட்டால் அது அழிந்துபோகிறது. சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லடாஸ்விர் 60 மில்லிகிராம் இரண்டையும் தினம் ஒருவேளை, 12 வாரம், அதாவது 84 நாள் சாப்பிட்டால் 100க்கு 95 பேர் போலக் குணமாகிறார்கள். ஈரல் சுருங்கியவர்களுக்குச் சோஃபோஸ்புவிரோடு வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை தருவார்கள். வயிற்றில் நீர் கோர்த்த நிலைக்குப் போயிருந்தால் ரிபாவிரின் என்ற மருந்தும் சேரும், அல்லது 24 வாரம் ஆகும். 2013இல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்து இங்கே தயாரானதும் விலை விழுந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மையங்களில் சோதனையும் மாத்திரையும் இலவசம். முன்பு வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, ஓராண்டு வரை காய்ச்சலும் மனச்சோர்வும் என்று பட்டவர்களைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், அந்தக் காலம் முடிந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் லேசான தலைவலி, அசதி, அவ்வளவுதான்.

ஆனால் இந்த மாத்திரை மற்ற மருந்துகளோடு மோதும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், கார்பமசெபைன் இவை சோஃபோஸ்புவிரின் அளவை இரத்தத்தில் தாழ்த்திவிடும், சிகிச்சையே வீணாகும். இதயத் துடிப்புக்கான அமியோடரோனுடன் சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கடையில் கேட்டு வாங்கும் "கேஸ் மாத்திரை" இருக்கிறதே, அது வயிற்றின் அமிலத்தைக் குறைத்து வெல்படாஸ்விர் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதே சரி. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு வைரஸ் இறங்க இறங்கச் சர்க்கரையும் இறங்கலாம். தாழ்சர்க்கரை வந்து மயங்காமல் இருக்க அளவை அடிக்கடி பாருங்கள். தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். இரண்டும் இருந்து சி மட்டும் அழிந்தால், அடங்கிக் கிடந்த பி கிளம்பி ஈரலைத் தாக்கக் கூடும். ஒருவேளை மாத்திரை மறந்துபோனால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். புட்டி தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போன இடத்தில்தான் மாத்திரை விட்டுப்போகிறது.

மாத்திரை முடிந்த 12 வாரம் கழித்து மறுபடியும் பிசிஆர். அதில் வைரஸ் இல்லை என்றால் குணம். மாத்திரை முடிந்த அன்றே "நன்றாகிவிட்டது" என்று இதைத் தவிர்ப்பவர்கள் நிறைய. இந்த ஒரு காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வரும்போது கையில் காட்ட இதுதான் வேண்டும். குணமானதால் மறுபடி வராது என்றும் இல்லை. இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஏ-க்கும் பி-க்கும் உண்டு, அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படி இருப்பது? ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே டம்ளரில் குடிக்கலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். கொசு கடித்துப் பரவாது. தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பில் வெடிப்போ இரத்தமோ இருக்கும்போது மட்டும் நிறுத்திவையுங்கள். இந்த நோய்க்காகத் தனித் தட்டு, தனிப் பாய் போட்டு ஒதுக்குவதைப் போலக் கொடுமை வேறில்லை. பிரித்துவைக்க வேண்டியவை ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் கருவியின் ஊசி. இரத்தம் சிந்தினால் ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள், உலர்ந்த கறையாக இருந்தாலும்.

மது ஒரு சொட்டும் வேண்டாம். இதில் பேரம் பேச இடமில்லை. காபி குடிக்கலாம், தினம் இரண்டு மூன்று கோப்பை குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பேறுவது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சீந்தில் கஷாயத்தால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைக் கொரோனா காலத்தில் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கை என்ற பெயர் மட்டும் ஒரு பொருளை ஈரலுக்குப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது.

ஈரல் சுருங்கியவர்களுக்கு இன்னும் சில. "ஈரல் நோய், பருப்பு முட்டை ஆகாது" என்பது பழைய யோசனை; இன்று அது ஆளை உருக்குகிறது. ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 கிராமுக்குக் குறையக் கூடாது. இரண்டு முட்டை, ஒரு கைப்பிடிப் பருப்பு, இரண்டு டம்ளர் பால், 100 கிராம் மீன், சோறு என்று சேர்த்தால் கணக்கு வந்துவிடும். இரவு படுக்கும் முன் பாலும் இரண்டு இட்லியும் போல ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். சுருங்கிய ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு இருக்காது. ஓர் இரவுப் பட்டினி மற்றவர்களின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம், உடல் தன் தசையையே கரைக்கும். வயிற்றில் நீர் கோர்த்தால் உப்பு நாளைக்கு 5 கிராம், தலை தட்டிய ஒரு சிறு கரண்டி, எல்லாச் சமையலுக்கும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல் இவற்றை அடியோடு விட வேண்டியிருக்கும். வலிக்கு டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுத்து இரத்தக்கசிவும் உண்டாக்கும். பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு நான்கைத் தாண்டாமல் போடலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஈரல் சுருங்கியவரின் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கையெழுத்து மாறுவது, கையை நீட்டி விரித்தால் மணிக்கட்டு படபடவென்று அடிப்பது, காரணமில்லாத கோபம், பேச்சில் குழப்பம் எல்லாம் நச்சு மூளைக்கு ஏறுவதன் அடையாளங்கள். மலச்சிக்கல் இதைத் தூண்டும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்து கொடுத்திருந்தால் நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும்படி அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், வயிற்றில் நீரோடு காய்ச்சல், ஆளை எழுப்ப முடியாத உறக்கம், இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வைரஸ் போனாலும், சுருங்கிய ஈரலில் புற்றுநோய் வரும் அபாயம் குறையுமே தவிர முழுதாக நீங்காது. அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் தொடர வேண்டும். சிறிதாக இருக்கும்போது பிடிபட்டால் எரித்தோ வெட்டியோ எடுத்துவிடலாம். குணமான காகிதத்தின் பின்பக்கத்திலேயே அடுத்த ஸ்கேன் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.