சாக்கு மூட்டையில் வரும் புத்தகம் திருட்டுப் புத்தகமா? நடைபாதைக் கடையில் கண்டுபிடிப்பது எப்படி

[காட்சி: கோட்டோவியம். இருட்டு, கிட்டங்கிக் கூரை, தொங்கும் கயிறு]

2017 ஜனவரி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்துல ஃபெல்தம்னு ஒரு இடம். அங்க ஒரு கிட்டங்கிக் கூரையைத் துளைச்சு, கயித்துல இறங்கி, சுமார் 240 அபூர்வப் புத்தகங்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மதிப்பு 20 லட்சம் பவுண்டுக்கு மேல. கலிலியோ, நியூட்டன் புத்தகமெல்லாம் அதுல உண்டு. 2020 செப்டம்பர்ல ருமேனியாவில, ஒரு வீட்டுத் தரைக்கு அடியில புதைச்சு வச்சிருந்தது கிடைச்சுது.

அந்த மாதிரிப் புத்தகத்தைத் திருடலாம், விக்கிறதுதான் பாடு. நம்ம பக்கம் அப்படியே தலைகீழ். திருடு போறது நூலகத்துப் புத்தகம், ஹாஸ்டல் ரூம்ல இருந்த போட்டித் தேர்வு கைடு. அரை மணி நேரத்துல காசாக்கிடலாம்.

[காட்சி: நெல்லை டவுன் ரத வீதி. நடைபாதையில தார்ப்பாய் விரிச்ச பழைய புத்தகக் கடை, ஒரு சாக்கு மூட்டை]

"அண்ணாச்சி, மொத்தமா எடுத்துக்கிடுங்க. எவ்வளவு தருவிய?"
"இரிங்க தம்பி, பாத்துட்டுச் சொல்லுதேன்."

எதைப் பாக்குறாரு? அட்டையை இல்ல. முதல்ல முதுகு. நூலக லேபிளை உரிச்சிருந்தா, அந்த இடம் மட்டும் வெயில் படாம, நிறம் மங்காம, சின்னக் கட்டமாத் தெரியும். அடுத்து கடைசிப் பக்கம். திருப்பித் தர வேண்டிய தேதி போடுற சீட்டைக் கிழிச்சா பசை போகாது. விரலால தடவினாலே சொரசொரன்னு இருக்கும்.

[காட்சி: மிக அருகில், புத்தகத்தின் மூன்று விளிம்புகள்]

இப்ப விளிம்பு. நிறைய நூலகங்கள் மூடின புத்தகத்தோட விளிம்புலயும் சீல் குத்தும். அதை அழிக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாங்க. தேய்ச்ச பக்கம் மட்டும் வெள்ளையா, பஞ்சு மாதிரி இருக்கும். மத்த ரெண்டு பக்கமும் பழுப்பாவே இருக்கும். பிளீச்சிங் தண்ணி தொட்டு மையை அழிச்சா, அந்த இடத்துத் தாள் மொறுமொறுன்னு ஆகி, மடிச்சா ஒடியும்.

தலைப்புப் பக்கமே காணலையா? நல்ல நிலைமையில இருக்கிற புத்தகத்துல அந்த ஒரு தாள் மட்டும் தானா விழாது.

இவ்வளவும் செஞ்சவங்க கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. ரகசியப் பக்கம். நிறைய நூலகங்கள் தங்களுக்குன்னு ஒரு பக்க எண்ணை முடிவு பண்ணி, எல்லாப் புத்தகத்துலயும் அதே பக்கத்துல சீலும் அக்சஷன் நம்பர்னு சொல்ற பதிவு எண்ணும் போடும். வெளியில இருந்து பாத்தா தெரியாது. கட்டை விரலால தாள்களைச் சரசரன்னு ஓட்டினா, ஊதா மை எங்கயாவது கண்ணுல படும்.

அதுக்காக, சீல் இருந்தாலே திருட்டுன்னு முடிவு கட்டிடாதீங்க. நூலகங்கள் பழசைக் கழிச்சு ஏலம் விடும். முறைப்படி கழிச்சதுன்னா பதிவு எண்ணை அடிச்சு, 'நீக்கப்பட்டது'ங்கிற மாதிரி சீல் குத்திக் கையெழுத்து போட்டிருப்பாங்க. எண் அடிபடாம, லேபிள் மட்டும் உரிஞ்சிருந்தாத்தான் சந்தேகம். அரசுப் பள்ளிப் பாடப் புத்தகமும் இப்படித்தான். 'விலையில்லாப் பாடநூல்'னு அச்சடிச்ச, பேர் எழுதி மசி பட்ட ஒத்தைப் புத்தகம்னா, படிச்ச பிள்ளையோடது. பிரிக்காத கட்டா நாப்பது வந்தா, கை வைக்கக் கூடாது.

சட்டம் இதுல கறார். இப்ப இருக்கிற குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில பிரிவு 317(2), பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 411. திருட்டுன்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாம வாங்கினா மூணு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். 'நம்பக் காரணம்'தான் சிக்கல். 600 ரூபாப் புதுப் புத்தகத்தை 30 ரூபாய்க்கு வாங்கிட்டு "எனக்குத் தெரியாது"ன்னா எடுபடுறது கஷ்டம். ஒரு ரூல்டு நோட்டு போதும்: தேதி, கொண்டு வந்தவர் பேர், போன் நம்பர், எத்தனை புத்தகம், கொடுத்த தொகை. நோட்டை எடுத்த உடனே "பொறவு வாரேன்"னு மூட்டையைத் தூக்குறவங்களும் உண்டு. அதுவும் ஒரு பதில்தான்.

திருட்டுப் புத்தகம் வர்றது ஒரு பக்கம்னா, கடையிலேயே திருடுறதும் உண்டு. பெரும்பாலும் ரெண்டு பேரா வருவாங்க. ஒருத்தர் அடுக்குல அடியில இருக்கிறதைக் கேப்பாரு. கடைக்காரர் குனியும்போது மத்தவர் கையில இருந்த பேப்பரை விரிப்பு மேல வச்சு, அடியில இருக்கிற புத்தகத்தோட சேத்து எடுப்பாரு. அதனால விலை கூடின ஒல்லிப் புத்தகம் முட்டிக்குப் பக்கத்துல. குண்டுப் புத்தகம் தூர ஓரத்துல. ஆடிக் காத்துக்குத் தார்ப்பாய் பறக்காம அதுவே பாரமும் ஆச்சு.

[காட்சி: க்யூஆர் அட்டை, அதன் ஓரத்தை நகத்தால் கீறும் விரல்]

புத்தகத்துல லேபிளை உரிக்கிறாங்க. இங்க லேபிளை ஒட்டுறாங்க. கடைக்காரரோட க்யூஆர் மேல இன்னொரு க்யூஆர். வாங்குறவர் பணம் போடுவாரு, அது வேற யாருக்கோ போகும். காலையில கடை விரிச்சதும் அடுத்தவங்க போன்ல இருந்து அந்த க்யூஆருக்கு ஒரு ரூபா போட்டு, திரையில வர்ற பேரைப் பாக்கணும். அட்டை ஓரத்தை நகத்தால கீறினா, மேல ஒட்டினது தூக்கும். 'பணம் போயிடுச்சு'ன்னு காட்டுற ஸ்கிரீன்ஷாட் கணக்குல சேராது. நம்ம போனுக்குத் தகவல் வரணும். ஏமாந்தது தெரிஞ்ச உடனே 1930ங்கிற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் போடணும். தாமதமானா பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கை மாறிடும்.

தள்ளுவண்டியில கட்டி வச்ச அட்டை, ராத்திரி பூரா தெருவுல கிடக்கும். ஒட்டுறவருக்கு அதுதான் தோது. விவரமான கடைக்காரர் கல்லாப் பெட்டியோட அட்டையையும் எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு.