எரித்தால் எப்படிப் பசுமை?

நடுவர் அவர்களே, செங்கோட்டை மக்களே, வணக்கம். விறகும் வைக்கோலும் உமியும் எரித்து எடுக்கும் மின்சாரம் சூழலைக் காக்குமா, கெடுக்குமா என்பது தலைப்பு. கெடுக்கும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா என்ன சொன்னார்? மரம் வளரும்போது இழுத்த கார்பனைத்தான் எரியும்போது விடுகிறது, கணக்கு நேராகிவிடும் என்றார். சரி, எப்போது நேராகும்? கேரளப் பக்கம் ஆரியங்காவு தாண்டினால் ரப்பர் தோட்டம், ஒரு மரம் 25, 30 வருஷம் நின்ற பிறகுதான் வெட்டுகிறார்கள், பாய்லரில் போட்டால் அது ஒரு பொழுதுக்குத் தாங்காது, விட்ட கார்பனை அடுத்த கன்று திரும்ப இழுக்க மறுபடி அத்தனை வருஷம் வேண்டும். அதுவரை அது வானத்தில்தான். அளவும் கொஞ்சம் இல்லை. ஐ.நா.வின் காலநிலைக் குழு தரும் கணக்குப்படி ஒரு ஜிகாஜூல் வெப்பத்துக்கு நிலக்கரி சுமார் 95 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, விறகு 112 கிலோ!

இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம் நிலக்கரியை விட்டுவிட்டு, அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வரும் மரத்தூள் வில்லைகளை எரிக்கிறது. நாடுகள் தாங்கள் விடும் கார்பனுக்குக் கணக்கு எழுதும்போது, இந்தக் கார்பனை மரம் வெட்டிய நாடுதான் காடு, நிலம் என்ற பிரிவில் எழுத வேண்டும் என்பது விதி, அதனால் எரிக்கிற நாட்டின் கணக்கில் மின்சாரப் பிரிவில் பூஜ்யம். இதைத்தான் பசுமை என்கிறார்கள்.

"மரம் வேண்டாம், கழிவை எரிப்போம்" என்றார் எதிரணித் தம்பி. கரும்புச் சக்கையை ஆலையிலேயே எரிப்பதை நான் குறை சொல்லவில்லை. வைக்கோலுக்கு வாருங்கள். புளியரை வழியாக மலையேறிக் கேரளாவுக்கு வைக்கோல் லாரி போவதைப் பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் உண்டா? அங்கே அது மாட்டுக்குத் தீவனம். மின்நிலையம் கூட விலை கொடுத்தால் அந்த லாரி எந்தப் பக்கம் திரும்பும்? உமியும் அப்படித்தான், நெல் அவிக்கிற அரிசி ஆலைக்கு அதுதான் எரிபொருள். வயலில் மிச்சம் கிடப்பதை மடக்கி உழுதால் மண்ணுக்குச் சத்து. யாருக்கும் ஆகாமல் கிடப்பது நம்ம ஊரில் ரொம்பக் குறைவு.

அப்புறம் சீமைக் கருவேலம். அதை எரித்தால் நிலம் மீளும் என்று சொல்லித் தம்பி கைதட்டல் வாங்கினார். அந்த மரத்தை வெட்டினால் போகாது, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், நிலம் மீள வேண்டுமென்றால் வேரோடு தோண்ட வேண்டும். மின்நிலையமோ ஒரு தடவை கட்டிவிட்டால் வருஷக்கணக்கில் ஓட வேண்டும், அதற்கு அந்த மரம் துளிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தன் எரிபொருளை வேரோடு பிடுங்கிப் போடுகிற முதலாளி யார்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு எதிரணியின் அடுத்த பேச்சாளர் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.