கணக்கு நோட்டை யார் படம் பிடிப்பது?

(பழைய வண்ணாரப்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

அடிமைகளைப் பற்றிய படங்கள் உண்மையைக் காட்டுகின்றனவா, இல்லை, அவர்கள் பட்ட பாட்டைக் காசாக்குகின்றனவா? இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1860 அக்டோபரில் ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் புறப்பட்டது சென்னைக் கரையிலிருந்துதான். அன்று இங்கே துறைமுகம் கட்டப்பட்டிருக்கவில்லை. மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பல் ஏற வேண்டும். சட்டத்தின் கண்ணில் அவர்கள் அடிமைகள் அல்லர், ஒப்பந்தக் கூலிகள். அந்த ஒப்பந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சினிமாவுக்குச் சவுக்கு பிடிக்கும். 1975இல் வந்த 'மாண்டிங்கோ' போன்ற அமெரிக்கப் படங்கள் அடிமைகளின் உடலையே கடை விரித்தன. அவற்றைப் பற்றி அதற்கு மேல் பேச விருப்பமில்லை.

2013இல் வந்த 'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்' வேறு. சுதந்திர மனிதராகப் பிறந்து, 1841இல் கடத்தி விற்கப்பட்ட சாலமன் நார்த்தப் 1853இல் எழுதி வெளியிட்ட தன்வரலாறுதான் அதன் மூலம். ஒரு காட்சியில் அவர் கழுத்தில் கயிற்றோடு, சேற்றில் கால்விரல் நுனியை ஊன்றி நிற்கிறார். விரல் வழுக்கினால் உயிர் போய்விடும். பின்னால் மற்ற அடிமைகள் குடிசையிலிருந்து வெளியே வந்து வேலையைப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஒரு பெண் மட்டும் ஓடிவந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறாள். இதுவும் வேதனையைக் காட்சிப்பொருளாக்குவதுதான் என்றார்கள் சிலர். நான் ஒப்பவில்லை. என்னை உலுக்கியது கயிறு அல்ல. உதவப் போனால் அடுத்த கயிறு தமக்குத்தான் என்று தெரிந்து தலைகுனிந்து நடக்கும் அந்த மனிதர்கள்தாம்.

தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் கதையான நம் 'பரதேசி' படத்துக்கு வருகிறேன். அதே 2013. படத்தில் குதிகால் நரம்பை அறுக்கும் கொடுமை உண்டு, அதைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிய காட்சி கூலிக் கணக்குத் தீர்க்கும் காட்சி. ஊருக்குப் போய்விடலாம் என்று வரிசையில் நிற்பவர்களிடம் பிடித்தம் பிடித்தமாகக் கழித்து, இன்னும் கடன் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அடிமைத்தனம் நடக்கும் விதம் அதுதான். ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் படத்துக்கு அடிப்படையான 'ரெட் டீ' நாவலை 1969இல் எழுதிய பி.எச். டேனியல், தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்து தொழிலாளர்களோடு நின்றவர். படத்தில் வரும் மருத்துவரோ ஆடிப் பாடி மதம் மாற்ற வருகிறார். இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த வலி புதிதல்ல. நம் தெருவுக்குக் கேமரா வந்தால் கத்தியைத் தேடுகிறது. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்ட ஊர் இது என்பது அதன் கண்ணில் படுவது அரிது.

செங்குன்றம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் முன்பணத்துக்காகப் பல ஆண்டுகள் குடும்பத்தோடு அடைந்து கிடந்த ஓர் அம்மாளை எனக்குத் தெரியும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அவர் மீட்கப்பட்டது அதற்கு வெகுகாலம் கழித்து. நடு இரவில் எழுந்து நெல் அவிக்க வேண்டும், விடிந்ததும் களத்தில் பரப்பிக் கிளற வேண்டும், மழை வந்தால் ஓடி மூட வேண்டும். அவரோடு உட்கார்ந்து 'பரதேசி' பார்த்தேன். அடிக்கும் காட்சிகளை அவர் கண்கொட்டாமல் பார்த்தார். கணக்குக் காட்சி வந்தபோது எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பிறகுதான் சொன்னார்: முதலாளியின் நோட்டில் தம் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருந்தது என்பதைக் கடைசிவரை தமக்கு யாரும் படித்துக் காட்டவே இல்லை என்று.

இங்கே பின்வரிசையில் குறும்படம் எடுக்கப் போகும் தம்பிகள் இருக்கிறார்கள். கதை கேட்டு என்னிடம் வந்தார்கள். அந்த அம்மாளிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். அவராக நடிக்க வரும் பெண், முதலில் அவரிடம் வந்து நெல் அவிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.