அம்மி நகர்ந்த நான்காம் அத்தியாயம்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, என் தகுதியை இரட்டிப்பாக்கி அறிமுகம் செய்த செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பிகளே, வணக்கம்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். விண்வெளிக் கதை என்றாலே முகம் சுளிக்கிறவர் 'தி எக்ஸ்பான்ஸ்' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் எப்படிச் சிக்கிக்கொள்கிறார் என்பது ஒன்று. அதன் அரசியல் இரண்டாவது. அதற்கு நாம் எழுதப்போகும் தமிழ்த் துணைவசனம் மூன்றாவது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இதை மேடைக்கு மேடை சொல்கிறேன் என்று ஒரு குறை உண்டு, இன்றும் சொல்வேன்.

சந்தேகக்காரர் முதலில் கேட்பது, "கலத்துக்குள் எப்படி ஐயா தரையில் நடக்கிறார்கள்?" பல தொடர்களில் இதற்குப் பதிலே கிடையாது. இதில் உண்டு. கலம் விமானம் போல் படுத்திருக்காது, அடுக்குமாடி போல் நிற்கும். இன்ஜின் கால்மாட்டில். அது தள்ளும்வரை தரை பாதத்தை அழுத்தும். அந்த அழுத்தம்தான் எடை. இன்ஜின் நின்றால் காந்தக் காலணி இல்லாதவர் மிதப்பார். பூமியின் எடை கிடைக்கிற அளவுக்கு 24 மணி நேரம் விடாமல் தள்ளினால் விநாடிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகம் ஏறிவிடும். அம்மி நகர்கிறதா? நிறுத்துவதற்கு அங்கே பிரேக் கிடையாது. பாதி வழியில் கலத்தைத் திருப்பி, வந்த திசைக்கு எதிராக அதே நேரம் தள்ள வேண்டும். திருப்பத் தாமதித்தால் போய்ச் சேரவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

முதல் மூன்று அத்தியாயம் மெதுவாகத்தான் போகும். நான்காவதில் ஒரு குண்டு கலத்தின் ஒரு சுவரில் நுழைந்து மறு சுவரில் வெளியேறுகிறது. இரண்டு சிறு ஓட்டை. காற்று அவற்றின் வழியே ஓடுகிறது. கையில் கிடைத்த தட்டையான பொருளை வைத்து அடைக்கிறார்கள். மந்திரக் கவசம் எதுவும் கிடையாது. சந்தேகக்காரர் நாற்காலி நுனிக்கு வருவது அங்கேதான். அதனால் முதல் அத்தியாயத்தை மட்டும் காட்டிவிட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். நான்கையும் ஒரே மூச்சில் காட்டுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள குறுங்கோள் செரஸ். கதையில் எடை கிடைப்பதற்காக அதைச் சுழற்றிவிட்டிருக்கிறார்கள். அங்கே கோப்பைக்கு ஊற்றும் மது வளைந்து விழும். அழகான காட்சி. ஆனால் செரஸின் விட்டம் ஏறக்குறைய 940 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய உருண்டை 40 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றினாலும் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. சின்ன நிலையமாக இருந்தால் தெரியும்.

இப்போது ஒரு கதை. 2018 மே மாதம், மூன்றாம் பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஒளிபரப்பிய அமெரிக்காவின் சைஃபை சேனல் தொடரைக் கைவிட்டது. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து. அதோடு விட்டார்களா? பணம் திரட்டி விமானம் அமர்த்தி, தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பதாகையை அமேசான் ஸ்டுடியோவின் தலைக்கு மேலேயே பறக்கவிட்டார்கள்! அதே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் விண்வெளி மாநாடு. நடிகர்களும் அங்கே. மேடையில் அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸ். சாப்பாட்டுக்கு முன் நடிகர்களிடம், முயல்கிறோம், இன்னும் முடிவாகவில்லை என்றாராம். சாப்பாடு நடக்கும்போதே செய்தி வந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு முன்தான் தெரிந்தது, தொடர் பிழைத்தது என்று மேடையிலேயே அறிவித்தார். அரங்கம் அதிர்ந்தது. அப்புறம் மூன்று பருவம். மொத்தம் 62 அத்தியாயம். அடிமேல் அடி, ஐயா!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அரசியலை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். நேரே துணைவசனத்துக்கு வருகிறேன். எனக்கும் வேண்டியது அதுதான். கதையில் சிறுகோள் பட்டையில் வாழ்கிற பெல்ட்காரர்களின் மொழியை நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் உருவாக்கினார். 'சசா கே' என்றால் 'புரியுதா?' அதைத் தமிழாக்காதீர்கள், அப்படியே விடுங்கள். கேட்டுக் கேட்டுப் பழகட்டும். திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு 42 எழுத்து என்பது ஆங்கிலத்துக்கு வகுத்த அளவு. தமிழ்ச் சொல் நீளம், அதனால் வினைமுற்றைச் சுருக்குங்கள். எந்த வரியும் 7 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. துணைவசனக் கோப்பினைத் தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள், மறந்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். ஆளுக்கு ஓர் அத்தியாயம். ஒருவர் எழுத, இன்னொருவர் ஓடவிட்டுப் பார்த்துத் திருத்தட்டும். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். நான்காம் அத்தியாயத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.