கேபிளை எடுக்கப் போறீங்களா? டிஷ் எந்தத் திசை, ஸ்டிக் எந்தப் பிளக்: திருநெல்வேலி வீடுகளுக்கான வ்லாக்

வணக்கம் மக்களே. கேபிள் கனெக்‌ஷனை எடுத்துட்டு, வீட்டு டிவியை ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் (டிவியோட எச்டிஎம்ஐ ஓட்டையில சொருகி இன்டர்நெட் வழியா படம் பாக்குற சின்னக் குச்சி) ஆன்டெனாவும் வச்சு ஓட்டுறது எப்படின்னு இன்னைக்குப் பாப்போம். வெளிநாட்டு வீடியோவைப் பாத்துட்டு ஆன்லைன்ல ஆர்டர் போட்டா நம்ம ஊருக்கு ஆகாது. அது ஏன்னு முதல்ல சொல்லிருதேன்.

இந்தப் பொருளைப் பாருங்க. அட்டை மாதிரி தட்டையா இருக்கு, ஜன்னல்ல ஒட்டணும்னு போட்டிருக்கான். "நூறு மைல் ரேஞ்சு, ஆயிரம் சேனல்"னு டப்பாவுல எழுதியிருக்கும். இது தரைவழி ஒளிபரப்புக்கான ஆன்டெனா. அமெரிக்காவுல ஊருக்கு ஊர் டவர் இருக்கு, அங்க இது வேலை செய்யும். இங்க தூர்தர்ஷன் தன்னோட அனலாக் டவர்களை 2022-க்குள்ள கிட்டத்தட்ட எல்லாத்தையும் மூடிட்டு. டிஜிட்டல் தரைவழின்னு சொல்லுத டிவிபி-டி2 சென்னை மாதிரி சில பெரிய நகரத்துலதான் வந்தது, திருநெல்வேலிக்கு வரலை. மாடியில இன்னும் கிடக்குற பழைய சீப்பு ஆன்டெனாவுக்கும் இதே கதிதான், பழைய இரும்புக்குப் போடலாம். நம்ம பக்கத்துல ஆன்டெனான்னா இனி டிஷ்தான்.

சரி, என்ன டிஷ்? மாசக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் ப்ளஸ்னு ஆரம்பிச்சது. இப்ப ஜிசாட்-15 செயற்கைக்கோள்ல, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில இருந்து வருது. செட்டாப் பெட்டி, டிஷ், எல்என்பி (டிஷ் முன்னால கம்பியில நின்னு சிக்னலை வாங்குற சின்ன உறுப்பு) எல்லாம் சேத்து ஒரே தடவை சுமார் ரெண்டாயிரம் ரூபா ஆகும், அதோட சரி.

ஆனா ஒண்ணு, இதுல தமிழ் சீரியல் சேனலை எதிர்பாத்துப் போகாதீங்க. தனியார் சேனல்கள் ஏலத்துல இடம் எடுத்துத்தான் வருதாங்க, அதுல பெரும்பாலும் இந்தி. நமக்கு உறுதியாக் கிடைக்கிறது டிடி தமிழ் (முன்னால பொதிகைன்னு இருந்தது, 2024 ஜனவரியில பேரு மாத்தினாங்க), டிடி ஸ்போர்ட்ஸ், கல்விச் சேனல்கள், ஆகாசவாணி ரேடியோ. இதுல டிடி ஸ்போர்ட்ஸுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கு. தேசிய முக்கியத்துவம்னு அரசு குறிக்கிற இந்தியா ஆட்டங்களோட சிக்னலை தூர்தர்ஷனுக்குக் குடுத்தாகணும்னு 2007-ல ஒரு சட்டம் வந்தது. அந்த சிக்னலை தூர்தர்ஷன் தன்னோட தரைவழியிலயும் ஃப்ரீ டிஷ்லயும் மட்டுந்தான் காட்டணும், தனியார் கேபிளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு 2017-ல உச்சநீதிமன்றம் சொல்லிட்டு. அதனால கேபிள்ல வராத சில ஆட்டம் இங்க இலவசமா வரும். ஐபிஎல் இதுல சேராது.

ஆகவே சீரியல், சினிமா, ஐபிஎல் எல்லாம் இன்டர்நெட் வழியா ஸ்டிக்ல. செய்தி, முக்கியமான கிரிக்கெட், நெட் போன நேரம் எல்லாம் டிஷ்ல. ரெண்டும் சேந்தாத்தான் கேபிளுக்கு ஈடு. ஒண்ணை மட்டும் வச்சா வீட்டுல யாராவது ஒருத்தர் முகத்தைத் தூக்கிக்கிடுவாங்க.

இப்ப மாடிக்குப் போவோம். டிஷ்ஷைத் திருப்புறதுலதான் பாதிப்பேர் திணறுதாங்க, அதனால இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லுதேன்.

பாளையங்கோட்டையைச் சுத்தி இருக்கவங்களுக்குத் திசை வடக்குல இருந்து 118 டிகிரி. அதாவது நேர் கிழக்குல இருந்து 28 டிகிரி தெற்கே. போன்ல திசைகாட்டி ஆப் போதும். ஆனா டிஷ் கம்பத்துக்கும் கைப்பிடிச் சுவர்க் கம்பிக்கும் பக்கத்துல நின்னு பாக்காதீங்க, இரும்பு முள்ளை இழுத்துரும். நாலஞ்சு அடி தள்ளி நின்னு பாத்து, தூரத்துல ஒரு தென்னையோ டவரோ அடையாளம் வச்சிக்கிடுங்க. ஆப் இல்லையா? மார்கழி மாசம் சூரியன் உதிக்கிற இடம் தெரியுமுல்ல, அதுக்கு இன்னும் நாலு டிகிரி தெற்கே.

உயரக் கோணம் 69 டிகிரி. கிட்டத்தட்ட தலைக்கு மேல. ஆனா டிஷ்ஷைப் பாத்தா அப்படித் தெரியாது. இது ஆஃப்செட் டிஷ், அதாவது முகத்துக்கு நேரா இல்லாம மேல இருந்து சாய்வா வர்ற சிக்னலைப் பிடிக்கிறது, அதோட முகம் 45 டிகிரி வாக்குலதான் சாஞ்சு நிக்கும். கண்ணால பாத்து "இன்னும் மேல தூக்கணும்"னு தூக்கினா செயற்கைக்கோளைத் தாண்டிப் போயிரும். பின்னால பிராக்கெட்ல இருக்கிற ஸ்கேலை 69-ல வச்சு ஆரம்பிங்க. அந்த ஸ்கேல் சரியாக் காட்டணும்னா கம்பம் நூல் பிடிச்சாப்ல நேரா நிக்கணும். ரசமட்டத்தை ரெண்டு பக்கமும் வச்சுப் பாருங்க. கம்பம் சாஞ்சிருந்தா திசையைத் திருப்பும்போதே உயரமும் மாறிக்கிட்டே போகும், பொழுதுக்கும் சிக்கவே சிக்காது.

உயரம் இவ்வளவு இருக்கதுல ஒரு நன்மை உண்டு. மரம், சுவர் மறைக்குமோன்னு ரொம்பப் பயப்பட வேண்டாம். டிஷ்ஷை விடப் பத்தடி உயரமான சுவர் அந்தத் திசையில இருந்தாலும், நாலடிக்கு மேல தள்ளி இருந்தா கணக்குப்படி மறைக்காது. ஓரத்துக்கு இடம் விட்டு ஆறடி வச்சிக்கிடுங்க. தென்னை மட்டும் விதிவிலக்கு. மட்டை காத்துல ஆடி ஆடி வந்து மறைக்கும், படம் விட்டு விட்டு வரும், கோளாறு எங்கன்னே பிடிபடாது.

எல்என்பியோட திருப்பம் நிறையப் பேர் கவனிக்காத இடம். நாம நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கோம், செயற்கைக்கோளோ கிழக்கே 16 டிகிரி தள்ளி நிக்குது. அதனால எல்என்பியை அதோட பிடிக்குள்ள நல்லாவே திருப்ப வேண்டி வரும், கணக்குப்படி 60 டிகிரி பக்கம். வடக்கே டெல்லியில எடுத்த வீடியோவைப் பாத்து லேசாத் திருப்பி வச்சா, பாதிச் சேனல் வரும் பாதி வராது. முதல்ல ஒரு பக்கமா அந்த அளவு திருப்பி வச்சு சிக்னலைப் பிடிங்க, வரலைன்னா மறுபக்கம் திருப்பிப் பாருங்க, பிறகு எல்என்பியை மெல்ல ரெண்டு பக்கமும் திருப்பி, குவாலிட்டி எங்க உச்சம்னு பாத்து இறுக்குங்க.

பெட்டியில என்ன அமைப்பு? எல்என்பி வகை யுனிவர்சல், 9750/10600. டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் சேனலை அனுப்புற அலைவரிசை) 11090, வெர்டிக்கல், சிம்பல் ரேட் 29500. இப்ப திரையில ரெண்டு கோடு வரும், ஸ்ட்ரெங்த், குவாலிட்டின்னு. ஸ்ட்ரெங்த்தைப் பாத்து ஏமாறாதீங்க. டிஷ்ஷைச் சுவரைப் பாத்துத் திருப்பினாலும் அது அறுபது எழுபது காட்டும், எல்என்பிக்குக் கரண்ட் போகுதுன்னுதான் அதுக்கு அர்த்தம். குவாலிட்டி அசையணும்.

ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்திட்டு, ஓரத்தைப் பிடிச்சு ரொம்பக் கொஞ்சமா நகத்துங்க, ரெண்டு செகண்டு நில்லுங்க, பாருங்க, திரும்ப நகத்துங்க. பெட்டிக்குச் சிக்னலைப் பூட்ட நேரம் வேணும். 60 செ.மீ. டிஷ்ல ஒண்ணரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாயிரும். பக்கத்துலயே 91.5, 95 டிகிரியிலயும் செயற்கைக்கோள் இருக்கு, சில நேரம் அதுல போய் உக்காந்துரும். ஸ்கேன் முடிஞ்சதும் டிடி தமிழ் வந்துட்டான்னு பாத்தபிறகுதான் முழுசா இறுக்கணும். இறுக்கும்போதும் ஒரு கண்ணு குவாலிட்டி மேல இருக்கட்டும், கடைசி முறுக்குல டிஷ் நகர்ந்துரும்.

மாடியில ஏற்கெனவே பழைய டிடிஎச் டிஷ் கிடந்தா அதையே திருப்பிக்கிடலாம், புதுசு வாங்க வேண்டாம். பிளேட் நெளிஞ்சிருக்கான்னு மட்டும் பாருங்க.

டிஷ்ல இருந்து பெட்டிக்கு வர்ற வயர் ஆர்ஜி-6 தான், நடுவுல செம்பு, சுத்தி வலைக்கம்பி உள்ளது. கேபிள்காரங்க இழுத்த வயர் ஆர்ஜி-6 ஆ இருந்து, டிவிக்கு நேரா ஒரே துண்டா வந்தா அதையே எடுத்துக்கிடலாம். நடுவுல ஸ்ப்ளிட்டர் (ஒரு வயரை ரெண்டாப் பிரிக்கிறது) இருந்தா கழத்திருங்க. பெட்டியில இருந்து எல்என்பிக்கு 13 வோல்ட் இல்ல 18 வோல்ட் மேல ஏறிப் போகணும், வெர்டிக்கலுக்கு 13, ஹரிசான்டலுக்கு 18. கேபிள் ஸ்ப்ளிட்டர் அதைத் தடுத்துரும். ரெண்டு டிவி இருந்தா ஒரே வயரைப் பிரிச்சு ரெண்டு பெட்டிக்குக் குடுக்கதும் ஆகாது, ஒரு பெட்டி 13 கேக்கும், இன்னொண்ணு 18 கேக்கும். ரெண்டு வாய் உள்ள எல்என்பி வாங்கி, ரெண்டு வயர் இழுங்க.

வயர் நுனியில திருகுற எஃப் கனெக்டர் போடும்போது வலைக்கம்பி ஒரு இழை நடுச்செம்புல பட்டாலும் ஷார்ட். பெட்டியில "எல்என்பி ஷார்ட்"னு வரும், இல்லைன்னா பெட்டியே அணைஞ்சு அணைஞ்சு எரியும். எல்என்பிகிட்ட வயரை நேரா இறக்காம கீழ்ப்பக்கமா ஒரு வளைவு விட்டு இறக்குங்க, மழைத்தண்ணி அங்கன சொட்டிரும். கனெக்டர் மேல தன்னாலே ஒட்டிக்கிடுற ரப்பர் டேப் சுத்துங்க. உவரி, கூடங்குளம் கடற்கரைப் பக்கம் இது கட்டாயம், உப்புக்காத்து கனெக்டரைப் பச்சை பிடிக்க வச்சிரும். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வேற பாடு. காத்தாலை நிக்கிற ஊர்ல ஆனி, ஆடியில டிஷ் தாங்கணும்னா, கைப்பிடிச் சுவர்ல ஆணி அடிச்சு நிறுத்தாதீங்க. காங்கிரீட் தளத்துல நாலு ஆங்கர் போல்ட் போடுங்க. பாபநாசம் பக்கம்? குரங்கு. அதுக்கு எந்த போல்ட்டும் பத்தாது, வயரை மட்டும் பிவிசி பைப்புக்குள்ள விட்டு வைங்க.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில படம் கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும், டிஷ்ஷுக்கு வர்ற கேயு பேண்ட் அலைவரிசைச் சிக்னலை மழைத்துளி உறிஞ்சிரும். மழை நின்னா வந்துரும், டிஷ்ஷைத் தொடாதீங்க. அதே மாதிரி மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசியிலயும் சில நாள், காலை பதினொரு மணி வாக்குல சில நிமிஷம் படம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால வருது, அவ்வளவுதான். இடி மின்னல்னா மட்டும் பெட்டியில இருந்து வயரையே கழத்திருங்க.

கீழ வாங்க, ஸ்டிக்குக்கு வருவோம். இது எளிசு, சீக்கிரம் சொல்லிருதேன்.

முதல் தப்பு பவர். டிவியோட யுஎஸ்பி ஓட்டையில சொருகிருதாங்க. பல டிவியில அது அரை ஆம்பியர்தான் தரும். படம் ஓடிக்கிட்டிருக்கும்போது ஸ்டிக் தானா அணைஞ்சு எரியும், ஸ்டிக் கெட்டுப்போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவாங்க. கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்ல போடுங்க. ரெண்டாவது, டிவிக்குப் பின்னால சுவரோட ஒட்டி இருந்தா வைஃபை சரியா எட்டாது. டப்பாவுல ஒரு சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருக்கும், அதைப் போட்டு வெளிய எடுத்து விடுங்க. ரவுட்டர் அதே அறையில இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ரெண்டு சுவர் தாண்டினா 2.4.

பேரு தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டி வாங்காதீங்க. 4கே-ன்னு டப்பாவுல இருக்கும், ஆனா வைட்வைன் எல்1 சான்று (படத்தைத் திருட்டுப் பிரதி எடுக்க விடாம காக்குற பூட்டு) இருக்காது. அது இல்லைன்னா ப்ரைம் வீடியோ, நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மங்கலாத்தான் வரும், உங்க நெட் எவ்வளவு வேகமா இருந்தாலும் சரி.

வேகம் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15-ல இருந்து 25. டிவி இருக்கிற இடத்துலயே, ராத்திரி எட்டு மணி வாக்குல டெஸ்ட் பண்ணிப் பாருங்க. எச்டி மணிக்குச் சுமார் 3 ஜிபி தின்னும். நாளைக்கு நாலு மணி நேரம்னா மாசம் 360 ஜிபி ஆச்சு. பிளான்ல "அன்லிமிடெட்"னு இருந்தாலும் எத்தனை ஜிபிக்கு மேல வேகம் குறையும்னு சின்ன எழுத்துல இருக்கும், அதைப் படிங்க. நேரலை கிரிக்கெட் ஸ்டிக்ல அரை நிமிஷம் வரைக்கும் பிந்தி வரும். பக்கத்து வீட்டுல கேபிள் இருந்தா விக்கெட் விழுந்தது உங்களுக்கு அவங்க சத்தத்துலதான் தெரியும்.

அரசு குடுத்த பழைய டப்பா டிவி இன்னும் ஓடுத வீடுகள் உண்டு. ஃப்ரீ டிஷ் பெட்டியில பெரும்பாலும் ஏவி வழி இருக்கும், மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை நேரா சொருகலாம். ஸ்டிக்குன்னா எச்டிஎம்ஐயை ஏவியா மாத்துற கன்வெர்ட்டர் வேணும். கடையில ரெண்டு வகை இருக்கும், ஏவியை எச்டிஎம்ஐயா மாத்துறதும் அதே நிறத்துல, அதே அளவுல இருக்கும். மாத்தி வாங்கிராதீங்க. வாங்கினதுக்கும் தனியா 5 வோல்ட் பவர் குடுக்கணும்.

ஆச்சிக்கு எந்த ரிமோட்டுங்கிறதுதான் பெரிய கேள்வி. நம்பரை அமுக்கிப் பழகினவங்களுக்கு ஆப் திறந்து, உள்ள போய், லைவ்னு தேடி எடுக்கது சிரமம். டிவி செட்டிங்ஸ்ல எச்டிஎம்ஐ சிஇசியை ஆன் பண்ணிருங்க, ஸ்டிக் ரிமோட்டை அமுக்கினாலே டிவி எரியும், உள்ளீடும் மாறிரும். அவங்க பாக்குற ஆப்பை முதல் வரிசையில முதல் இடத்துக்குக் கொண்டு வந்துருங்க. பிரசார் பாரதியோட வேவ்ஸ் ஆப்ல டிடி சேனல்கள் நேரலையா வருது, அதையும் போட்டு வைங்க, மழையில டிஷ் போனா கை குடுக்கும்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில நிறுத்தினா ரவுட்டரும் படுத்துரும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கும்போது 10,000 எம்ஏஎச்னு எழுதியிருப்பான், அது 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினா 37 வாட்-அவர். பத்து வாட் தின்னுற ரவுட்டருக்கு இழப்பு போக மூணு மணி நேரம் வரும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டுல ரவுட்டர், டிவி பிளக்கு ரெண்டும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கான்னு எலக்ட்ரீஷியனைப் பாக்கச் சொல்லுங்க, பல வீட்டுல லைட்டும் ஃபேனும் மட்டுந்தான் இருக்கும்.

கேபிளை உடனே நிறுத்திராதீங்க. ஒரு மாசம் ரெண்டையும் ஓட்டி, வீட்டுல யார் எந்தச் சேனலைத் தேடுதாங்கன்னு ஒரு தாள்ல எழுதி வைங்க. அந்தச் சேனல் எந்த ஆப்ல, என்ன கட்டணம்னு கூட்டிப் பாத்து, கேபிளை விட அதிகமா வந்தா கேபிளே இருக்கட்டும், அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. எடுக்கதுன்னு முடிவானா செட்டாப் பாக்ஸ், ரிமோட், அடாப்டர் மூணையும் ஆபரேட்டர்கிட்ட ஒப்படைச்சு, பெட்டி நம்பர் போட்டு ரசீது வாங்கிக்கிடுங்க. டிஷ் மாட்டுறவங்க காலையில வெயில் ஏறுறதுக்குள்ள மாடிக்குப் போயிருங்க, கூட ஒரு ஆள் கீழ டிவியைப் பாத்து குவாலிட்டி நம்பரைப் போன்ல சொல்லிக்கிட்டே இருக்கட்டும்.