உரிந்த டேப்பின் பசைப் பக்கத்தைப் பாருங்கள்

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: தேயிலையை உலர்த்தும் ட்ரையருக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாயின் மூட்டுகளில் ஒட்டும் அலுமினிய டேப் ஒரு கிழமையிலேயே உரிந்துவிடுகிறது, விலை கூடியதும் நிற்கவில்லை, எதை வாங்குவது?

தம்பி, புதிதாக வாங்குவதற்கு முன் உரிந்து விழுந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பசை முழுவதும் டேப்பிலேயே இருந்து, அதன்மேல் தேயிலைத் தூசி பழுப்பாகப் படிந்து, தகரம் வெறுமையாக இருந்தால், பசை தகரத்தைப் பற்றவே இல்லை என்று பொருள். பசை பிளந்து இரு பக்கமும் நூல் நூலாக இழுபட்டிருந்தால், பற்றிய பசை சூட்டில் இளகியிருக்கிறது.

டேப்பை மாற்ற வேண்டியது இரண்டாவதற்குத்தான். ரப்பர் பசை உடனே பிடிக்கும், ஆனால் சூட்டில் தளர்ந்துவிடும். வழமையான ட்ரையருக்குள் போகும் காற்று ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியஸ் என்பதால், அந்தச் சூட்டைத் தொடர்ந்து தாங்கும் அக்ரிலிக் பசை உங்களுக்குப் போதும். டேப்பைத் தயாரிப்பவர் தரும் தரவுத்தாளில் சிறிது நேரம் தாங்கும் சூடு என்று பெரிய எண் ஒன்றும் இருக்கும். அதை நம்பி வாங்காதீர்கள். இதைவிடச் சூடான இடங்களுக்குச் சிலிக்கோன் பசை.

ஆனால் நம் மலையகத்தில் நான் அதிகம் காண்பது முதலாவது வகை. இயந்திரம் ஓடாத விடியற்காலையில் ஒட்டுகிறோம். அப்போது குளிர்ந்த தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படர்ந்திருக்கும். அக்ரிலிக் டேப்புகள் பலவற்றை 10 பாகைக்குக் கீழே ஒட்டக் கூடாது. 21 முதல் 38 பாகைதான் அவற்றுக்கு ஏற்றது. நுவரெலியாப் பக்கத்துத் தை மாதக் காலையை நினைத்துப் பாருங்கள். எனவே சனிக்கிழமை வேலை முடிந்து, தகரம் கைபொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறியதும், ஐசோபுரொப்பைல் அல்ககோலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, தூசியும் எண்ணெயும் போகும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாக உலரவிட்டு ஒட்டுங்கள். சிறு உருளையால் அழுத்தித் தேய்ப்பதைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் இந்தப் பசை அழுத்தத்தால்தான் பிடிக்கிறது. அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதி வலுவும், 72 மணித்தியாலத்தில் முழு வலுவும் வரும். ஞாயிறு ஓய்வு கிடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

இன்னொன்று: ட்ரையரின் உட்புறத்திலும், தேயிலை செல்லும் பாதைக்கு மேலேயும் எந்த டேப்பையும் ஒட்டாதீர்கள். உரிந்த துண்டு மக்கள் குடிக்கும் தேயிலையில் விழும். அங்கே போல்ட்டும், மூட்டின் இடைவெளியை அடைக்கும் சூடு தாங்கும் கேஸ்கட்டும் போடுங்கள்.